ஆண்டுகளை மறைப்பது பொய்யாகுமா?

2024ஆம் ஆண்டு வைகாசித் திங்களில் ஒரு மாலை. பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். சென்னையிலிருந்து வந்திருந்த எம் தங்கை மகன் தன் மடிக்கணினியை எம் முன்னே வைத்து, "பெரியம்மா, எத்தனையோ பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தியிருக்கிறீர்கள். இதையும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றான். திரையில் அவனுடைய சுயவிவரக் குறிப்புகள் இரண்டு இருந்தன. ஒன்று மூன்று பக்கம். 1997இல் பொறியியல் பட்டம் பெற்றது, 1998இல் வேலையில் அமர்ந்தது என்று தொடங்கி, 2023ஆம் ஆண்டின் இறுதி வரை ஓராண்டும் விடாமல் எழுதப்பட்டிருந்தது. மற்றொன்று ஒன்றரைப் பக்கம். அது 2011இல்தான் தொடங்கிற்று. பட்டம் இருந்தது, பட்டம் பெற்ற ஆண்டு இல்லை.

"இவற்றுள் எது மெய்?" என்று கேட்டான்.

"முதலாவது" என்றோம், சற்றும் எண்ணிப் பாராமல்.

"முதலாவதை அறுபதுக்கு மேற்பட்ட இடங்களுக்கு அனுப்பினேன். இரண்டிடங்களிலிருந்து மறுமொழி வந்தது. இரண்டும் மறுப்பு. இரண்டாவதைப் பன்னிரண்டு இடங்களுக்குத்தான் அனுப்பினேன். நான்கிடங்களில் நேர்காணலுக்கு அழைத்தார்கள்" என்று கூறிவிட்டு, எம் விடைக்குக் காத்திராமல் மடிக்கணினியை மூடிவிட்டான்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் 'பொய் கூறேல்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்ட கை எம்முடையது. அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவன் கேட்ட கேள்விக்கு யாம் கூறிய ஒரு சொல் விடை போதாது என்பது மட்டும் விளங்கிற்று. அந்தக் குறையைத் தீர்க்கவே இதனை எழுதத் துணிந்தோம்.

அவனைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். வந்தவாசி வட்டத்தில் சிற்றூர் ஒன்றில், நான்கு ஏக்கர் நிலத்தை நம்பிய வேளாண் குடும்பத்தில் பிறந்தவன். நம் மக்களுள் பெரும்பாலோர் கதை அதுவே ஆதலின் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவன் முதன்முதல் ஏற்ற வேலை விந்தையானது. பழைய கணினி நிரல்களில் ஆண்டினை ஈரிலக்கத்தால் குறிப்பது வழக்கமாக இருந்தது. 2000 பிறந்ததும் '00' என்பதைக் கணினி 1900 என்று கொண்டுவிடுமோ என உலகமே அஞ்சிய காலம் அது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வைத்திருந்த கோபால் மொழி நிரல்களை வரிவரியாகப் படித்து, ஆண்டினை நான்கிலக்கத்தால் எழுதத் திருத்தும் பணிக்கு நம் நாட்டு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். இவனும் அவ்வாறு சேர்ந்தவனே. பின்னர்ப் படிப்படியாக உயர்ந்து, வங்கிகளின் பணப் பரிமாற்ற அமைப்புகளை உருவாக்கும் பிரிவுக்குத் தலைமை ஏற்றான். இருநூற்று நாற்பது பேர் அவனுக்குக் கீழே பணியாற்றினர். 2023 நவம்பரில், பதினைந்து நிமிடம் நீண்ட ஒரு காணொலி அழைப்பில் அப்பணி முடிந்தது.

அவ்வாண்டின் செய்திகளை நாளிதழில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். 2023 சனவரியில் மட்டும் கூகுளின் தாய் நிறுவனம் 12,000 பேரையும், மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும், அமேசான் 18,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. அதே ஆண்டில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமாகிய மெட்டா, மேலாளர்களை மேலாளும் மேலாளர்கள் இனி வேண்டா என்னும் கருத்தை வெளிப்படையாகவே முன்வைத்தது. 2025 சூலையில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் தன் பணியாளருள் நூற்றுக்கு இருவர் வீதம், ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, அவர்களுள் பெரும்பாலோர் இடைநிலையிலும் மேல்நிலையிலும் இருப்போர் என்றே கூறப்பட்டது. அனுபவம் என்னும் சொல் இத்தொழிலில் பொருள் மாறிக்கொண்டிருப்பதை இவை காட்டுகின்றன.

எம் காலத்து முறை வேறு. ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் 1970இல் பதிவு செய்தோம். நான்கு ஆண்டுகள் காத்திருந்தோம். அலுவலக வாயிலில் வரிசையில் நின்று, பதிவு அட்டையைக் குறித்த காலத்தில் புதுப்பித்துக்கொண்டு, வீட்டில் தையல் வேலை செய்துகொண்டு காத்திருந்த காலம் அது. அலுப்பும் அழுகையும் உண்டு. ஆனால் ஒவ்வோராண்டு கழியும்போதும் வரிசையில் ஓரடி முன்னே வந்திருந்தோம். காத்திருப்பதே தகுதியாயிற்று, பதிவு மூப்பே எம்மை வேலையில் அமர்த்திற்று. தங்கை மகனின் தொழிலில் ஒவ்வோராண்டும் ஓரடி பின்னே தள்ளுகிறது. தமிழ்நாட்டு அரசுப் பணியில் ஓய்வு அகவை 58 என்று இருந்து, 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. எந்த நாளில் வெளியேற வேண்டும் என்பதை நுழையும் நாளிலேயே அறிந்திருந்தோம். அவனுக்கு யாரும் நாள் குறிக்கவில்லை. மறுமொழி வாராமையே ஓய்வு ஆணையாயிற்று.

அமெரிக்க நாட்டில் நாற்பது அகவை கடந்தோரை அகவை காரணமாக ஒதுக்கலாகாது என்று 1967இலேயே ஒரு சட்டம் இயற்றினார்கள். தனியார் துறைக்கு அத்தகைய பொதுச்சட்டம் நம் நாட்டில் இல்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் மேலாண்மைப் பணியில் இருப்போரைத் 'தொழிலாளி' என்னும் வரையறைக்கு வெளியே நிறுத்திற்று. அதன் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும் அவ்வாறே நிறுத்துகிறது. ஆக, தலைவன் என்று பெயர் பெற்றவனுக்குத் தொழிலாளிக்குள்ள காப்பும் இல்லை. சட்டம் உள்ள நாட்டிலும் காரணத்தை யார் வாய்விட்டுச் சொல்லப் போகிறார்கள் என்பது வேறு.

வேலை தேடும் முறையை அவன் விளக்கக் கேட்டு வியந்தோம். விண்ணப்பத்தை முதலில் படிப்பது பெரும்பாலும் மனிதர் அல்லர்; கணினி நிரல். குறிப்பிட்ட சில சொற்கள் இருக்கின்றனவா என்று அது தேடும். அதனைக் கடந்தால் மனிதவளப் பிரிவிலிருந்து, இருபத்தைந்து அகவை நிரம்பிய ஒரு பெண்ணோ பையனோ பேசுவார். அதன்பின் ஐந்தாறு சுற்று நேர்காணல். ஓரிடத்தில் ஆறாவது சுற்றும் முடிந்த பின்பு, அந்தப் பணியிடமே கைவிடப்பட்டது என்றார்கள். மற்றோரிடத்தில், ஒரு வார இறுதி முழுதும் செலவிட்டு அவன் எழுதித் தந்த தொழில்நுட்பத் திட்டத்தைப் பெற்றுக்கொண்டவர்கள் நன்றி என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. ஒரு மணி நேரத்தில் புதிர்க் கணக்குகளுக்கு நிரல் எழுதும் தேர்வும் உண்டு. அதில் இருமுறை தோற்றான்.

இவ்விடத்தில் எம் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. "இருபத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ளவனைப் புதுமுக மாணவன்போல் சோதிப்பது அவமதிப்பு" என்று அவன் கூறியபோது யாம் உடன்படவில்லை. தலைமையாசிரியர் ஆனதும் சுண்ணக்கட்டியைத் தொடுவதை மறந்துவிட்டவர்கள் சிலரை யாம் கண்டிருக்கிறோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பின்னக் கணக்கில் ஐயம் கேட்டால், "உன் வகுப்பாசிரியரைக் கேள்" என்று விரட்டுவார்கள். தலைமை என்பது கைத்திறனை இழப்பதற்கு உரிமை ஆகாது. அவன் சிறிது சினந்தான். மறுவாரம் முதல் நாள்தோறும் விடியற்காலையில் இரண்டு மணி நேரம் நிரல் எழுதிப் பழகத் தொடங்கினான் என்று எம் தங்கை கூறினாள்.

ஆயின் 'தேவைக்கு மேற்பட்ட தகுதி' என்று சொல்லி மறுப்பதை எம்மால் ஏற்க இயலவில்லை. அதனுள் அடங்கியவை மூன்று அச்சங்கள் என்று அவனே பிரித்துக் காட்டினான். இவன் மிகுதியான ஊதியம் கேட்பான். நல்ல வாய்ப்பு வந்தால் போய்விடுவான். நம்மைவிட அறிந்தவனை நாம் எவ்வாறு ஏவுவது? முதலிரண்டையும் கேட்டுத் தெளியலாம். மூன்றாவது, தேர்வு செய்பவரின் நோய். அதற்கான மருந்தை விண்ணப்பித்தவன் உட்கொள்ள வேண்டும் என்பது என்ன நீதி?

வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று 51ஆம் 52ஆம் அதிகாரங்களை அமைத்தார். ஆளைத் தேர்பவன் எவ்வாறு ஆராய வேண்டும், ஆராய்ந்தபின் எவ்வாறு நம்ப வேண்டும் என்பதே அங்குள்ள பேச்சு. சுமை முழுதும் தேர்பவன் தலைமேல் வைக்கப்பட்டுள்ளது. இன்று வேலை தேடுவோர்க்கென்று எழுதப்படும் அறிவுரைகளையெல்லாம் பாருங்கள்: குறிப்பைச் சுருக்கு, ஆண்டை நீக்கு, நரையை மை பூசி மறை, காணொலியில் சிரித்துப் பேசு. சுமை முழுதும் தேடுபவன் தலைமேல் ஏறிவிட்டது. தேர்பவனுக்கு அதிகாரம் எழுதுவார் யாரும் இல்லை.

அவனுடைய கேள்விக்கு வருவோம். நம் இல்லறத்தார்க்கு வாய்மை ஓர் அணுவிரதம். சமந்தபத்திராச்சாரியார் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அதற்கு வரம்பு கட்டும்போது, பெரும்பொய்யைத் தான் கூறாமையும் பிறரைக் கூறச் செய்யாமையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிறர்க்குக் கேடு விளைக்குமாயின் மெய்யையும் கூறாதிருத்தலை அதனுள் அடக்கினார். தத்துவார்த்த சூத்திரம் இவ்விரதத்திற்கு நேரும் குற்றங்கள் ஐந்தனுள், பொய்யாவணம் எழுதுதலை ஒன்றாக எண்ணுகிறது. செய்யாத வேலையைச் செய்ததாக எழுதுவது, ஆறு மாதம் இருந்த பதவியை இரண்டாண்டு என்று நீட்டுவது, வேலையற்றிருந்த காலத்தை இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரால் நிரப்புவது ஆகியன ஐயமின்றிப் பொய்யாவணமே. இவ்வாறு செய்துதரக் கூலி பெறும் முகவர்களும் இருக்கிறார்களாம். அவனிடமும் ஒருவர் வந்திருக்கிறார். அவன் மறுத்துவிட்டான்.

ஆண்டை எழுதாமல் விடுவது அவ்வகையிற் சேருமா? பலநாள் எண்ணிப் பார்த்தோம். சுயவிவரக் குறிப்பு வாழ்க்கை வரலாறன்று. அவன் மூன்றாம் வகுப்பில் அம்மை கண்டு ஒரு மாதம் பள்ளிக்கு வாராததை யாரும் எழுதச் சொல்வதில்லை. பணிக்கு வேண்டியதைத் தெரிந்தெடுத்துச் சொல்வதே அதன் இயல்பு. கேட்டால் மெய்யைச் சொல்லும் உறுதி இருக்குமாயின், கேளாததைச் சொல்லாது விடுதல் பொய்யன்று. எதிரில் உள்ளவர் தகாத காரணத்தால் நம்மை ஒதுக்கப் போகிறார் என்று தெரிந்திருந்தும், அக்காரணத்தை அவர் கையில் நாமே எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று எந்த அறநூலும் விதிக்கவில்லை. ஆகவே எம் முதல் விடை தவறு. இரண்டாவதும் மெய்தான்.

ஆனால் அவனுக்குள் உறுத்தியது இதுவன்று என்பது பின்னரே புலப்பட்டது. நீக்கப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில்தான் அவன் தொழிலைக் கற்றான். 1999 திசம்பர் 31ஆம் நாள் இரவு, அலுவலகத்தில் முப்பது பேர் கண்விழித்து உட்கார்ந்திருந்து, பன்னிரண்டு மணி கடந்ததும் ஒரு நிரலும் நிற்கவில்லை என்று கண்டு கைதட்டிய கதையை எத்தனையோ முறை எமக்குச் சொல்லியிருக்கிறான். தனக்கு வேலை கற்பித்த மூத்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது எழுந்து நின்றுவிடுவான். அந்த ஆண்டுகளைத் தன் கையாலேயே அழித்தபோது, பிறர்க்குப் பொய் சொன்னதாக அவனுக்குத் தோன்றவில்லை. தனக்கே ஏதோ செய்துகொண்டதாகத் தோன்றிற்று. "ஆண்டை முழுதாக எழுத வைக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள் பெரியம்மா" என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எமக்குப் பிடிக்கவில்லை.

இங்கேதான் மானம் என்னும் சொல் குறுக்கே வருகிறது. தமிழர் என்ற முறையில் மானம் நமக்கு உயிரினும் பெரிது. குறளில் 97ஆம் அதிகாரமே அதற்கு உண்டு. சைனர் என்ற முறையிலோ, குரோதம், மானம், மாயை, உலோபம் என்னும் கசாயங்கள் நான்கனுள் அது ஒன்று, விடத்தக்கது. ஒரே சொல்லை ஒரு கையால் ஏந்தவும் மறுகையால் எறியவும் பழகியவர்கள் நாம். பாடம் நடத்தும்போது இரண்டும் வேறு வேறு பொருள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஒரு மனிதன் வேலையின்றி ஓராண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, அவன் நெஞ்சில் எது தன்மதிப்பு, எது செருக்கு என்று பிரிப்பது அத்துணை எளிதன்று.

பெருஞ்சித்திரனாரை நினைத்துக்கொண்டோம். அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் நாடிச் சென்றார். மன்னன் அவரைக் காணாமலேயே பொருளைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதனைத் தொடவில்லை. தம்மைக் கண்டு, தம் புலமையின் அளவறிந்து தருவதாயின் மிகச் சிறியதும் இனிது என்று பாடி வைத்துவிட்டுத் திரும்பினார். புறநானூற்றில் 208ஆம் பாட்டு அது. விண்ணப்பத்தை மனிதக் கண் படிக்காமலே தள்ளிவிடும் இந்நாளில் அதனைப் படிக்கும்போது மேனி சிலிர்க்கிறது. ஆயினும் அதே புலவர்தாம் தம் முதிய தாயின் தளர்ச்சியையும், உணவின்றி வாடும் மனைவி மக்களின் நிலையையும் குமணனிடம் பாடியவர். பரிசிலை மறுத்துத் திரும்பிய புலவரைப் புகழ்ந்து உரை எழுதியோர் பலர். அன்றிரவு அவர் மனையில் அடுப்பு எரிந்ததா என்று கேட்டு எழுதியவரை யாம் இன்னும் படிக்கவில்லை. ஆடவர் மானத்திற்குப் பெண்டிர் செலுத்தும் கட்டணம் இலக்கியத்தில் குறைவாகவே பதிவாகியுள்ளது. தங்கை மகன் வீட்டில் அதனைச் செலுத்தியவள் அவன் மனைவி. வீட்டுக் கடனின் மாதத் தவணை, மகளின் கல்லூரிக் கட்டணம், மாமியாரின் மருந்து. அவள் இரண்டு வளையல்களை விற்றதை ஆறு மாதம் கழித்தே யாம் அறிந்தோம்.

இனி எம் குற்றத்தைச் சொல்ல வேண்டும். அவ்வாண்டு ஆவணியில் ஆரணியில் ஓர் உறவினர் திருமணம். எம் கணவர் வழியில் பெரியவர் ஒருவர், எம்மை எப்போதும் "டீச்சரம்மா" என்றே அழைப்பவர், பந்தியில் அருகே அமர்ந்து, "உங்கள் தங்கை மகன் எங்கே இருக்கிறான்? பெரிய பதவியில் இருந்தானே?" என்று வினவினார். அருகில் அவன் மனைவி நின்றாள். அவள் முகம் வெளிறிற்று. "வீட்டிலிருந்தே வேலை செய்கிறான்" என்றோம். பெருந்தொற்றுக் காலத்திற்குப் பின் இந்தச் சொற்றொடர் எத்துணைக் குடும்பங்களுக்குத் திரையாகப் பயன்படுகிறதோ! பெரியவர் தலையசைத்துவிட்டுப் பாயசத்தைக் கலக்கினார். கேளாததைச் சொல்லாது விடுதல் பொய்யன்று என்று மேலே எழுதினோம் அல்லவா? இங்கே கேட்டார். யாம் பொய் சொன்னோம். அவளைக் காக்கவே சொன்னோம் என்று எம்மைத் தேற்றிக்கொண்டோம். ஆனால், 'எங்கள் வீட்டுப் பிள்ளை' என்று இருபது ஆண்டுகளாகப் பெருமை பேசிய நாவுக்கு அன்று வேறு சொல் வரவில்லை என்பதே முழு உண்மை.

மெய்யறிந்த உறவினர் சிலர் வேறு வகையில் வருத்தினர். "வினைப்பயன், இலாபாந்தராயம் விலகினால் தானே கிடைக்கும்" என்றார் ஒருவர். நூற்கருத்து சரியே. இடம் சரியன்று. வினை என்பது தன்னைத் தானே ஆராய்ந்துகொள்ள நமக்குத் தரப்பட்ட கண்ணாடி. அதனை எடுத்து வருந்துவோன் முகத்தில் எறிவதற்கு உரிமை தரப்படவில்லை. அவன் ஒருநாள் தானாகவே அக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டான். 2015இலோ 2016இலோ, தன் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது, நாற்பத்தாறு அகவையுள்ள ஒருவர் வந்தாராம். நன்றாகவே விடை சொன்னாராம். "இவ்வளவு அனுபவம் நமக்கு எதற்கு, இவர் இளைஞரோடு ஒட்டமாட்டார் என்று நானே குறிப்பெழுதி அனுப்பினேன். அவருக்கு மறுமொழி போயிற்றா என்று கேட்கக்கூட இல்லை. இப்போது அவர் பெயரை நினைவுபடுத்திப் பார்க்கிறேன், வரவில்லை" என்றான். அதற்கு யாம் ஒன்றும் கூறவில்லை. கூறும் தகுதி அவன் ஒருவனுக்கே உண்டு.

அவ்வேளையில் ஆதிபகவனின் வரலாறு நெஞ்சில் தோன்றிற்று. ஒப்பிடல் தகாது என்பதை அறிவோம். அவர் அனைத்தையும் துறந்து புறப்பட்டவர், இவனோ குடும்பத்திற்காக அலைபவன். ஆயினும் ஒரு செய்தி பொருந்துகிறது. வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் என்னும் அறுதொழிலையும் மக்களுக்குக் கற்பித்தவர் அவர். துறவு பூண்டு ஆறு திங்கள் உண்ணாநோன்பிருந்தபின் உணவேற்க எழுந்தருளியபோது, அவரிடம் தொழில் கற்ற மக்கள் யானையையும் குதிரையையும் மணிகளையும் ஆடைகளையும் கொண்டுவந்து நீட்டினார்கள். ஒரு கவளம் உணவை முறைப்படி அளிக்க யாருக்கும் தெரியவில்லை. பல திங்கள் அவ்வாறே கழிந்தன. அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் முற்பிறவி நினைவு வரப்பெற்றுக் கருப்பஞ்சாறு அளித்த நாளையே அட்சய திருதியை என்று போற்றுகிறோம். அம்மக்கள் கொடியவர் அல்லர். அவரை மதிக்காதவரும் அல்லர். எதிரில் நிற்பவருக்கு எது வேண்டும் என்று காணும் கண் அவர்களுக்கு வாய்க்கவில்லை. தங்கை மகனிடமும் "உங்களைப் போன்றவரை ஆலோசகராக அழைக்க வேண்டும்", "எங்கள் விழாவில் சிறப்புரை ஆற்றுங்கள்" என்று சொன்னவர்கள் பலர். பொன்னாடை இரண்டு வந்தன. மாதச் சம்பளம் வரவில்லை.

பதினான்கு மாதங்கள் கழித்து, 2025 சனவரியில், கோவையில் நடுத்தரமான ஒரு நிறுவனத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. தலைமைப் பதவியன்று, மூத்த பொறியாளர் என்னும் நிலை. ஊதியம் முன்பு பெற்றதில் பாதிக்குச் சற்று மேல். அவனுக்கு மேலே இருப்பவர் அவனைவிடப் பதின்மூன்று ஆண்டு இளையவர். இறுதி நேர்காணலில் அந்த இளைஞர், "உங்கள் குறிப்பு 2011இல் தொடங்குகிறதே, அதற்கு முன்பு?" என்று கேட்டிருக்கிறார். இவன் கணமும் தயங்காமல் 1998 முதல் சொல்லியிருக்கிறான். கோபால் நிரலைப் படிக்கத் தெரிந்தவர் இன்னும் இருக்கிறாரா என்று அவர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டாராம். அந்நிறுவனம் ஏற்றிருந்த பணிகளுள் ஒன்று, ஒரு வங்கியின் பழைய கோபால் அமைப்பைப் புதியதாக மாற்றுவது. அகவை எவ்வளவு என்று அவரும் கேட்கவில்லை, இவனும் மறைக்கவில்லை.

பாதி ஊதியத்திற்கு ஒப்பியது மானத்தை இழந்ததா, மானத்தை வென்றதா என்று அவனிடம் கேட்டோம். "முதல் வாரம் இழந்தது போலத்தான் இருந்தது. இப்போது நிரல் எழுத நேரம் போதவில்லை, அதை எண்ண நேரமில்லை" என்றான். அவன் மனைவி குறுக்கிட்டு, "தவணை கட்டியாயிற்று பெரியம்மா" என்றாள்.

2025 ஐப்பசியில் வந்தவாசியில் ஒரு புதுமனை புகுவிழா. ஆரணித் திருமணத்தில் எம் பக்கத்தில் அமர்ந்த அதே பெரியவர் வந்திருந்தார். நலம் வினவிய பின், "தங்கை மகன் இன்னும் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறானா?" என்றார். இம்முறை அவன் மனைவி அருகில் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்போம் என்றே நம்புகிறோம். "அன்று யாம் சொன்னது பொய். அவனுக்கு வேலை போயிருந்தது. பதினான்கு மாதங்கள் வேலையின்றி இருந்தான். இப்போது கோவையில் சிறிய பதவியில் இருக்கிறான்" என்றோம்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு எம் கையிலிருந்த தட்டை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு, ஆளில்லாத மாட்டுக் கொட்டில் பக்கமாக எம்மை அழைத்துச் சென்றார். "டீச்சரம்மா, பெங்களூரில் இருக்கிறானே என் பெரிய பையன், அவனுக்கு ஏழு மாதமாக வேலையில்லை. வீட்டில் இவளுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. உங்கள் பிள்ளையின் கைப்பேசி எண்ணைத் தருவீர்களா?" என்றார். எழுத அவரிடம் தாள் இல்லை. அழைப்பிதழின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தோம்.